மூன்றாவது ஜோடி விளக்கு

"இன்னும் ஒரு ஜோடி போடணும்" என்றார் சலூன்காரர், ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல்.

வயரம்மா கையில் இருந்த கட்டிங் பிளேயரைக் கீழே வைத்தாள். அந்தத் தெருவில் அவளுக்கு அதுதான் பெயர். வண்டிகளுக்கு வயரிங் வேலை பார்க்கிற பட்டறையை அவள் தனியாளாக நடத்த ஆரம்பித்ததில் இருந்து, லாரிக்காரர் முதல் பள்ளிக்கூட வேன்காரர் வரை எல்லாரும் அப்படியே கூப்பிட்டுக் கூப்பிட்டு, பெற்றவர்கள் வைத்த பெயர் அடையாள அட்டையில் மட்டும்தான் மிச்சம் இருந்தது. சலூன்காரர் அவளைக் கட்டிக்கொண்டவர். பட்டறைக்கு நாலு கடை தள்ளி முடி வெட்டுகிற கடை வைத்திருந்தார்.

"ஏற்கெனவே ரெண்டு ஜோடி போட்டாச்சு. இன்னும் எதுக்கு?"

"எட்டல."

"எது எட்டல?"

"வெளிச்சம்தான். சுரங்கத்துக்குள்ள போனா ரோடு எது, ஓரம் எதுன்னே புரியல. செவுத்துல தேச்சுட்டேன்."

அவருடைய முழங்கைப் பக்கம் சட்டை கிழிந்திருந்தது. வண்டியின் இடது பக்கத்தில் பெயின்ட் உரிந்து இரும்பு பல்லைக் காட்டியது. முதலில் அவர் கையைப் பார்ப்பதா, வண்டியைப் பார்ப்பதா என்று தெரியாமல் வயரம்மா இரண்டையும் ஒரே மூச்சில் திட்டினாள்.

மேடு, பள்ளம், கல், சேறு எதற்கும் அஞ்சாது என்று பெயர் வாங்கிய சாகச மோட்டார் சைக்கிள் அது. உயரமோ, ஏணி வைத்து ஏற வேண்டிய உயரம். சலூன்காரருக்குக் கால் நீளம் என்பதால் பிழைத்தார். நாலு வருஷத்துக்கு முன்னால் இதைப் பழசாக வாங்கிவந்த அன்றைக்கே சொல்லிவிட்டார்: "ஒரே ஒரு தடவ இந்த மலையத் தாண்டி அந்தப் பக்கம் போய்ப் பாத்துட்டு வந்துடணும். நீயும் நானும்." மலைக்கு அந்தப் பக்கம் ஒரு ஏரி இருக்கிறதாம், எதிர்க்கரை தெரியாத ஏரி. முடி வெட்ட வந்து உட்காருகிற லாரிக்காரர்கள் சொல்லிச் சொல்லி, அந்த ஏரி அவர் மண்டைக்குள் வருஷக்கணக்காகத் தளும்பிக்கொண்டிருந்தது. மற்றவர்களை எல்லாம் அழகாக்கி ஊர் ஊராக அனுப்பிவிட்டு, தான் மட்டும் கண்ணாடிக்கு முன்னால் நிற்கிற பிழைப்பு அவருக்கு அலுத்துப்போயிருந்தது.

போகவிடாமல் செய்தது யார் என்று கேட்டால், வயரம்மாதான். பட்டறையில் வேலை குவிந்து கிடக்கிறது, அடுத்த வருஷம் பார்க்கலாம் என்பாள். அடுத்த வருஷமும் அதையே சொல்வாள். வேலை என்றைக்குத் தீர்ந்தது, அது தீருவதற்கு? இந்த வருஷம் அவர் ஒற்றைக் காலில் நின்றார். மழை பிடித்தால் மலையைக் கடக்கிற கணவாயை மூடிவிடுவார்கள், அதற்குள் போயே ஆக வேண்டும் என்றார். அவளும் சரி என்றாள். அவள் வாயில் இருந்து சரி வருவதுதான் குதிரைக்கொம்பு. வந்துவிட்டால் பிறகு அவளைத் தடுக்க ஆளில்லை.

குறுக்கே வந்தது சுரங்கப்பாதை. கணவாயின் உச்சியில் மலையைக் குடைந்து போட்ட பாதை, நல்ல நீளம், உள்ளே பேருக்குக்கூட ஒரு பல்பு கிடையாது. அதற்குப் பழகிக்கொள்ளத்தான் மலையடிவாரத்தில் இருந்த சின்னச் சுரங்கப்பாதைக்கு அவர் வண்டியை எடுத்துக்கொண்டு போனார். முதல் தடவை போய்வந்து ஹெட்லைட் மங்கல் என்றார். அவள் தூரத்துக்கு அடிக்கிற விளக்கு ஒரு ஜோடி போட்டாள். மறுபடி போய்வந்து பக்கவாட்டில் இருட்டு என்றார். அகலமாகப் பரவுகிற விளக்கு ஒரு ஜோடி போட்டாள். இப்போது மூன்றாவது ஜோடி கேட்கிறார்.

பக்கத்து டயர்க்கடைக்காரர் தன் கடை வாசலில் நின்றபடியே கேட்டார்: "என்ன வயரம்மா, புருஷனும் பொண்டாட்டியும் சேந்து கலங்கரை விளக்கம் கட்டுறீங்களா? கப்பல் எதுவும் வர மாதிரி தெரியலயே!"

"மொதல்ல உங்க வாய்க்கு ஒரு பஞ்சர் ஒட்டணும்" என்றாள் வயரம்மா.

தொழிலில் அவளுக்கு ஒரு வேதவாக்கு உண்டு. விளக்கு மங்கல் என்று யார் வந்தாலும் பல்பைத் தொடக் கூடாது, முதலில் எர்த்தைப் பார்க்க வேண்டும். மின்சாரம் போகிற வழி நன்றாகத்தான் இருக்கும். திரும்பி வருகிற வழியான எர்த்தில்தான் துருப் பிடித்திருக்கும். இன்னொரு வேதவாக்கும் உண்டு. வண்டிக்காரர் சொல்கிற கோளாறை நம்பலாம், சொல்கிற காரணத்தை நம்பக் கூடாது. அதனால் யார் எதைச் சொன்னாலும் ஆயிரம் குறுக்குக் கேள்வி கேட்பாள்.

கட்டியவரிடம் மட்டும் ஒரு குறுக்குக் கேள்விகூடக் கேட்கவில்லை. அவர் எட்டவில்லை என்றால் எட்டவில்லைதான். வண்டிச் சட்டத்தில் எர்த் பிடிக்கிற இடத்தைச் சுரண்டிப் பளபளவென்று ஆக்கினாள். அது போதாதென்று பேட்டரிக்கே நேராக ஒரு தடித்த வயர் இழுத்தாள். மீட்டரை வைத்துப் பார்த்தால், விளக்கின் வாசல் வரைக்கும் மின்சாரம் சொட்டுக் குறையாமல் வந்துகொண்டிருந்தது. வேறு வண்டியாக இருந்தால் "வெளக்கு நல்லாத்தான் இருக்கு, கெளம்புங்க" என்று சாவியைக் கையில் கொடுத்திருப்பாள். இவருக்கு மூன்றாவது ஜோடியை எடுத்துவைத்தாள். கெட்டிக்காரி கோட்டைவிட்டது அந்த இடத்தில்தான்.

வேலையில் குறை சொல்ல முடியாது. ஹெட்லைட்டுக்குக் கீழே ஒரு பட்டை அடித்து விளக்குகளை மாட்டினாள். ஹேண்டிலைத் திருப்பினால் வயர் நசுங்கக் கூடாது என்று டேங்குக்கு அடியில் சுற்றிக்கொண்டு போனாள். ஒவ்வொரு ஜோடிக்கும் தனி ஃப்யூஸ், தனி ரிலே. இடது கட்டைவிரல் எட்டுகிற தூரத்தில் மூன்று சுவிட்சுகள். ஒரு ஜோடி சதி செய்தாலும் மற்ற இரண்டும் கைவிடாது.

மிச்சம் இருந்தது ஒளியைக் குறிபார்த்து நிறுத்துகிற வேலை. விளக்கைச் சும்மா மாட்டிவிட்டால் அது வானத்தைப் பார்க்கும், இல்லையென்றால் முன்சக்கரத்தைப் பார்க்கும். அதற்குப் பட்டறையில் ஒரு முறை உண்டு. பட்டப்பகலில் ஷட்டரை இழுத்து மூடிவிட்டால் உள்ளே கும்மிருட்டு. வண்டியை ஷட்டர் ஓரமாக நிறுத்தி, எதிர்ச் சுவரில் வெளிச்சம் எங்கே விழுகிறது என்று பார்த்து, ஸ்பேனரால் திருக வேண்டும். ஓட்டுகிறவர் கட்டாயம் வண்டியில் உட்கார்ந்திருக்க வேண்டும். ஆள் உட்கார்ந்தால் பின்பக்கம் இறங்கும், முன்பக்கம் நிமிரும், விளக்கும் கூடவே நிமிரும். காலி வண்டியில் வைத்த குறி ஆள் ஏறியதும் தப்பிவிடும்.

முந்திய இரண்டு தடவையும் சலூன்காரர் மேலே உட்கார்ந்திருந்தார், இவள் விளக்குக்குப் பக்கத்தில் குனிந்து நின்று "எட்டுதா?" என்று கேட்டாள். அவர் "இன்னும் கொஞ்சம்" என்றார். இந்தத் தடவை விளக்கு ஆறு. எது எந்த இடத்தில் விழுகிறது என்று குழம்பும் என்பதால், சாக்பீஸை எடுத்துக்கொண்டு அவளே சுவருக்குப் போனாள். சுவரில் வரிசையாக ஏழெட்டுக் கோடு போட்டுவிட்டு, இடது கோடியில் போய் நின்றாள்.

"எல்லாத்தையும் போடுங்க."

ஆறும் ஹெட்லைட்டும் சேர்ந்து எரிந்தன. பட்டறை பளீரென்று வெளுத்தது. மூலையில் கிடந்த ஸ்க்ரூவின் மரைகூடத் தெரிந்தது. அவளுக்குக் கண் கூசித் தண்ணீர் வந்தது.

"சொல்லுங்க, எந்தக் கோடு வரைக்கும் வருது?"

"நடுக்கோடு தெரியுது. அதுக்குப் பக்கத்துக் கோடும் தெரியுது."

"அதக் கேக்கல. நான் நிக்கிற எடத்துல எப்படி இருக்கு?"

அவர் நேரே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

"ஏய்," என்றார் பிறகு, "எங்க போயிட்ட?"

வயரம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. மனுஷனுக்குக் கேலி கிண்டல் இல்லாமல் பொழுது போகாது. "வெளையாடாதீங்க, இங்கதான நிக்கிறேன்" என்றாள். அவர் குரல் வந்த பக்கம் தலையைத் திருப்பினார். பார்வை அவளைத் தாண்டிப் போயிற்று, நின்றது, திரும்பி வந்து தேடிப் பிடித்தது. "ஓ, அங்கயா இருக்க" என்று சிரித்தார்.

அவள் கையைத் தலைக்கு மேல் தூக்கி ஆட்டிக்கொண்டே வலது கோடிக்கு நடந்தாள். அவர் அந்த இடது மூலையைப் பார்த்தே சிரித்துக்கொண்டிருந்தார்.

அவள் தூக்கிய கையை மெல்ல இறக்கினாள். சாயங்காலம் ஆனால் ஸ்டூலில் முட்டிக்கொள்கிறவர். நிலைப்படியில் தோளை இடித்துக்கொள்கிறவர். பக்கத்தில் வைத்த டீயைத் தட்டிவிடுகிறவர். அப்போதெல்லாம் "கண்ணு என்ன பிடரியிலயா இருக்கு?" என்று அவள் கத்தியிருக்கிறாள். ஊரான் வண்டிக்கெல்லாம் கோளாறு கண்டுபிடிக்கிறவளுக்கு, ஒரே கூரைக்குக் கீழே இருந்த கோளாறு கண்ணில் படவில்லை. தன்மேல் வந்த ஆத்திரத்தில் சாக்பீஸைத் தூக்கி எறிந்தாள்.

ஷட்டரைத் தூக்கினாள். "நாளைக்குக் காலையில கண்ணு டாக்டர்கிட்ட போறோம்."

"எதுக்கு? வெளக்க இன்னும் கொஞ்சம் தூக்கினா…"

"வெளக்கு நல்லா இருக்கு. மொத ஜோடியே நல்லாத்தான் இருந்துச்சு."

அவர் வண்டியில் இருந்து இறங்கவில்லை. டேங்கைத் தடவிக்கொண்டே உட்கார்ந்திருந்தார். "எனக்கும் சந்தேகம்தான்" என்றார் கடைசியில். "ரெண்டு வருஷமா ஓரம் கொஞ்சம் கொஞ்சமா மங்கிக்கிட்டே வருது. கடையில பளிச்சுனு வெளிச்சம், வெட்டுற தலை நேரா முன்னாடி இருக்கு. அதனால பொழப்பு ஓடிருச்சு. வெளக்கு கூடப் போட்டா எல்லாம் சரியாயிரும்னு நெனச்சேன்."

"என்கிட்ட சொல்றதுக்கு என்ன?"

"சொன்னா வண்டிய விக்கச் சொல்லுவ."

சொல்லியிருப்பாள். அது அவளுக்கே தெரிந்ததால் கோபம் இன்னும் கூடியது.

கண் டாக்டரம்மா வளைத்துப் பேசுகிற ரகம் இல்லை. ஒரு கிண்ணம் மாதிரியான இயந்திரத்துக்குள் சலூன்காரரின் முகத்தை வைக்கச் சொல்லி, புள்ளி புள்ளியாக ஒளி விட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னார்: பார்வை ஓரத்தில் இருந்து உள்ளே சுருங்கிக்கொண்டு வருகிறது. வெளிச்சம் குறைந்தால் இன்னும் மோசம். இதை நிறுத்துகிற மருந்து தன்னிடம் இல்லை. நடுப்பார்வை சில வருஷம் இருக்கும், எத்தனை வருஷம் என்று சொல்ல முடியாது.

"வண்டி?" என்று கேட்டார் சலூன்காரர்.

"ஓட்டவே கூடாது. பகல்லயும்."

"ஒரு ஏரியப் பாக்கணும்னு இருந்தேன்."

"தாராளமாப் பாருங்க. ஆனா பாக்க வேண்டியதெல்லாம் தள்ளிப் போடாமப் பாத்துடுங்க."

பட்டறைக்குத் திரும்பியதும் அவர் வண்டிமேல் உறையை இழுத்துப் போர்த்தினார். "வித்துடு" என்றார். ஓரம் எல்லாம் இழுத்துச் செருகிவிட்டு, கடையைத் திறக்கப் போய்விட்டார். அன்றைக்கு முடி வெட்ட வந்தவர்களிடம் அவர் லாரிக் கதை எதுவும் கேட்கவில்லை என்று டயர்க்கடைக்காரர் வந்து சொன்னார். வண்டியை வாங்குவதற்கு ஆள் இருப்பதாகவும் சொன்னார்.

வயரம்மா ஆறு விளக்கு மாட்டிய அந்த வண்டியை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். தள்ளிப் போட்டது இவள். முதல் இரண்டு வருஷத்துக்குள் கிளம்பியிருந்தால் அவரே ஓட்டிக்கொண்டு போயிருப்பார், இவள் பின்னால் உட்கார்ந்து தூங்கி வழிந்திருப்பாள். இனி அடுத்த வருஷம் என்ற பேச்சுக்கே இடம் இல்லை. அந்த ஏரி அவர் கண்ணில் பட்டே ஆக வேண்டும், மழைக்கு முன்னால், இதே வண்டியில். அவள் உறையை உருவி மூலையில் எறிந்தாள்.

"ஆளும் வேணாம், ஒண்ணும் வேணாம்" என்றாள் டயர்க்கடைக்காரரிடம். "நான் ஓட்டப்போறேன்."

"வயரம்மா, கால் எட்டாதே!"

"எட்ட வெச்சுக்கிறேன்."

வேலை பார்த்த வண்டிகளை ஓட்டிப் பார்த்துத் தருகிறவள்தான், லைசென்ஸும் உண்டு. ஆனால் இது வேறு ஜாதி. சீட்டின் பஞ்சைச் செதுக்கச் சொன்னாள். பின்பக்கத்தை எவ்வளவு இறக்க முடியுமோ அவ்வளவு இறக்கினாள். அப்படியும் கால் விரல்தான் தரையைத் தொட்டது. சரக்குக் கிடங்குக்குப் பின்னால் இருந்த பொட்டல் வெளிக்கு வண்டியை உருட்டிக்கொண்டு போனாள். ஏறினாள், விழுந்தாள். வண்டியின் பக்கம் முதுகைக் காட்டி நின்று, சீட்டில் இடுப்பை முட்டுக் கொடுத்து, காலால் உந்தி அதை நிமிர்த்தினாள். மறுபடி ஏறினாள், மறுபடி விழுந்தாள். ஆள் விழுந்தாலும் வைராக்கியம் விழவில்லை.

சலூன்காரர் அந்தப் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை. "பின்னாடி உக்காந்து வர்றதுக்கு நான் என்ன மூட்டையா?" என்றார். அவள் முழங்காலில் கட்டுப் போட்டுக்கொண்டு ஒரு நாள் வீட்டுக்கு வந்தாள். மறுநாள் நடுப்பகலில், தோளில் துண்டும் சட்டைப் பையில் சீப்புமாகப் பொட்டல் வெளிக்கு விடுவிடுவென்று வந்தார்.

"கீழ பாக்காத! கீழ பாத்தா கீழதான் விழுவ. எங்க பாக்குறியோ அங்கதான் வண்டி போகும். தலையத் தூக்கு!"

"கடைய விட்டுட்டு இங்க என்ன பண்றீங்க?"

"பாதி தாடியோட ஒருத்தர் கடையில உக்காந்திருக்காரு. சீக்கிரம் கத்துக்கோ."

அதற்குப் பிறகு தினமும் வந்தார், கத்தினார். கிளட்சை அரையில் பிடி என்பார், வளைவில் பிரேக்கைத் தொடாதே என்பார், தொட்டால் தலையில் அடித்துக்கொள்வார். இவளும் சும்மா இருக்கவில்லை, வண்டியில் இருந்தபடியே திருப்பிக் கத்தினாள். கல்யாணமான நாளில் இருந்து இருவரும் இவ்வளவு பேசியதே இல்லை. மேகம் திரளுவதற்குள் அவள் சரளைக் கல் பாதையில் கால்மிதிமேல் எழுந்து நின்றபடியே ஓட்டப் பழகிவிட்டாள். ஒரு நாள் அவரைப் பின்னால் ஏற்றிக்கொண்டு அடிவாரத்துச் சின்னச் சுரங்கத்துக்குள் போய்வந்தாள். ஹெட்லைட் ஒன்றே அவளுக்குத் தாராளமாகப் போதும் என்று அங்கே தெரிந்தது. அதை அவரிடம் சொல்லவில்லை.

ஒரு விடியற்காலையில் இருவரும் கிளம்பினார்கள். டயர்க்கடைக்காரர் இரண்டு சக்கரத்துக்கும் காற்றுப் பார்த்துவிட்டு, கேலி எதுவும் தோன்றாமல் கையை மட்டும் ஆட்டினார். மலைப்பாதையில் வளைவுக்கு வளைவு அவள் இடுப்பில் இருந்த அவர் கை இறுகித் தளர்ந்தது. இரண்டு இடத்தில் வண்டி வழுக்கியது, ஓர் இடத்தில் சாய்ந்தே போயிற்று. இருவரும் எழுந்து, தட்டிவிட்டுக்கொண்டு, யார்மேல் தப்பு என்று சண்டை போட்டபடியே அதை நிமிர்த்தினார்கள். வெயில் ஏறிய பிறகு உச்சி வந்தது. எதிரே மலையின் வயிற்றில் கறுப்பாக ஒரு வாய் திறந்திருந்தது.

வயரம்மா வண்டியை நிறுத்தினாள். உள்ளே இருந்து சில்லென்று காற்று வந்தது. அந்தப் பக்கத்து வாய் கண்ணுக்கே தெரியவில்லை.

"ஒனக்கு ஹெட்லைட்டே போதும்ல?" என்றார் பின்னால் இருந்து.

அவருக்குத் தெரிந்திருக்கிறது.

"போதும்னு எனக்குத் தெரியும். சின்னச் சுரங்கத்துலயே கவனிச்சேன், நீ ஒரு சுவிட்சையும் தொடல. ஓட்டுறவளுக்கு வேண்டாத வெளக்கு. வீணா எரியவிட்டுப் பேட்டரியக் காலி பண்ணாத. நான் கண்ண மூடிக்கிறேன், நீ பாட்டுக்கு ஓட்டு."

அவர் குரலில் வருத்தம்கூட இல்லை. கணக்கு முடிந்துபோன ஆள் பேசுகிற மாதிரி இருந்தது. இந்த மனுஷன் கண்ணை மூடிக்கொண்டு வருவதற்கா இவ்வளவும்? கட்டைவிரலை நீட்டி முதல் சுவிட்சைப் போட்டாள். இரண்டாவதைப் போட்டாள். மூன்றாவதையும் போட்டாள்.

"ஓட்டுறதுக்கு ஹெட்லைட் போதும். இந்த ஆறும் நீங்க பாக்குறதுக்கு. பேட்டரி தாங்கலன்னா நான் தள்ளிக்கிட்டு வரேன். கண்ண மூடினீங்கன்னா இங்கயே எறக்கி விட்டுருவேன்."

வண்டி உள்ளே நுழைந்தது. செதுக்கிய பாறையும், அதில் வழிகிற தண்ணீரும், கூரையில் இருந்து தொங்கிய வேர்களும், வெகுதூரம் வரைக்கும் ஒவ்வொன்றாக இருட்டில் இருந்து வெளியே வந்தன. பிறகு அவர் ஹெல்மெட் அவளுடைய ஹெல்மெட்டின் வலது பக்கம் இடித்தது. கொஞ்ச தூரத்தில் இடது பக்கம் இடித்தது. வலது, மறுபடி இடது, அப்புறம் மேலே. ஓரத்தில் கிடைக்காத பார்வையை அவர் தலையைத் திருப்பித் திருப்பித் தேடி எடுத்துக்கொண்டிருந்தார். அவர் ஆடிய ஆட்டத்தில் வண்டியும் சேர்ந்து ஆடியது.

"ஆடாதீங்க! என்னதான் பண்றீங்க பின்னாடி?" என்று கத்தினாள், தலையைத் திருப்ப முயன்று.

"திரும்பாத!" என்று அதைவிடப் பலமாகக் கத்தினார் சலூன்காரர். "நீ ரோட்டப் பாரு. மத்த எல்லாத்தையும் நான் பாக்குறேன்."

அவள் தலையைத் தூக்கி நேரே பார்த்து ஓட்டினாள்.